மோட்டாரைக் கடைசியில் வாங்குங்கள்

ரிமோட் வண்டி என்றதும், பிறந்தநாளுக்கு வாங்கித் தந்து, சில நாளிலேயே சக்கரம் கழன்று, பரணில் ஏறிவிடும் பொம்மைதான் பலருக்கு நினைவுக்கு வரும். இங்கே சொல்ல வந்தது வேறு வண்டி. நிஜ ஜீப்பையோ பிக்கப் டிரக்கையோ பத்தில் ஒரு பங்காகச் சுருக்கி, சேஸிஸ், ஆக்ஸில், கியர், ஷாக் அப்சார்பர் என ஒவ்வொன்றையும் தனித்தனியாகக் கழற்றி மாட்டும்படி செய்திருப்பார்கள். கல்லிலும் மணலிலும் ஓட்டுவதற்கென்றே பிறந்த ஆர்சி டிரக் இது. வாங்கியது வாங்கியபடியே யாரும் இதை வைத்துக்கொள்வதில்லை. கழற்றுவதும் மாற்றுவதும்தான் இதில் பாதி சுகம். அப்படி மாற்றக் கிளம்புகிறவர் பெரும்பாலும் முதலில் கை வைப்பது மோட்டாரில். இன்னும் பெரிய மோட்டார், அதற்கேற்ற பேட்டரி என்று செலவு தொடங்கிவிடும். அந்த வரிசையே தலைகீழ் என்பதுதான் இந்தக் கட்டுரையின் வாதம். காசும் உழைப்பும் முதலில் டயருக்குப் போகவேண்டும், அடுத்து எடையைச் சீர்செய்ய, கடைசியில்தான் மோட்டாருக்கு. வேலூர், ஆம்பூர் தோல் வட்டாரத்தில் இருப்பவருக்கு இது கூடுதலாகப் பொருந்தும். டயருக்கு வேண்டிய கைத்தொழில் அறிவு அங்கே செருப்பு, ஷூ வேலையில் ஏற்கெனவே ஊறிக்கிடக்கிறது.

இந்த வண்டிகளின் கதையைப் பார்த்தாலே பாதி விஷயம் விளங்கிவிடும். ஜப்பானில் ஷிசுவோகா நகரத்து டாமியா நிறுவனம் 1976-இல் தன் முதல் ஆர்சி காரை விற்பனைக்கு விட்டது. போர்ஷே 934 மாதிரியில் செய்த அந்தக் கார் சமதரையில்தான் ஓடும். 1979-இல் 'ரஃப் ரைடர்', 'சாண்ட் ஸ்கார்ச்சர்' என்ற இரண்டு பக்கி வண்டிகள் வந்த பிறகே டாமியாவின் கார்கள் ரோட்டை விட்டு இறங்கின. 1987-இல் வந்த 'கிளாட் பஸ்டர்' டிரக்கில் முன் ஆக்ஸிலுக்கு ஒரு மோட்டார், பின் ஆக்ஸிலுக்கு ஒரு மோட்டார். பலத்தைக் காட்டவே செய்த வண்டி. ஆனால் பின்னாளில் பாறை ஏறும் 'கிராலர்' விளையாட்டு சூடுபிடித்தபோது, அதே கிளாட் பஸ்டரை எடுத்த ஆர்வலர்கள் அதன் வேகத்தைக் குறைத்தார்கள், எடையைக் கீழே இறக்கினார்கள், மெத்தென்ற டயரை மாட்டினார்கள். 2017-இல் அமெரிக்காவின் டிராக்சஸ் கொண்டுவந்த டிஆர்எக்ஸ்-4 வண்டியின் பெருமையும் மோட்டாரில் இல்லை. அதன் ஆக்ஸில் குழாய் சக்கரத்தின் நடுவுக்கு மேலே நிற்கும். சக்கரத்தருகே இருக்கும் ஒரு ஜோடி கியர் அந்த உயர வித்தியாசத்தை இணைக்கும். இரண்டாம் உலகப்போருக்குப் பின் ஜெர்மனியில் உருவான உனிமாக் லாரியில் இருந்து வந்த யோசனை அது. அடியில் கல் தட்டாது என்பதுதான் ஆதாயம். ஆக, தேர்ந்தவர்களின் மூளையெல்லாம் வண்டியின் வயிற்றுக்குக் கீழேயே வேலை செய்திருக்கிறது.

இதற்குக் காரணம் அளவு சுருங்கும்போது நடக்கும் ஒரு கணக்கு. நீளம், அகலம், உயரம் மூன்றையும் பத்தில் ஒன்றாக்கினால் எடை ஆயிரத்தில் ஒன்றாகிவிடும். இரண்டு டன் ஜீப்பின் மாதிரி இரண்டு கிலோவுக்கு வந்து நிற்கும். பேட்டரியும் இரும்பு பாகங்களும் சேர்ந்தால் மூன்று கிலோ. அந்த மூன்று கிலோ வண்டி 45 பாகை சரிவில், நொடிக்கு 30 சென்டிமீட்டர் வேகத்தில் ஏற எவ்வளவு திறன் வேண்டும்? பள்ளிக்கூடக் கணக்குதான், போட்டால் ஆறு வாட்டுக்குச் சற்று மேலே வரும். கியரிலும் ஆக்ஸிலிலும் பாதி வீணாகிறது என்று வைத்தாலும் பன்னிரண்டு, பதின்மூன்று வாட். இவ்வகை டிரக்குகளில் சாதாரணமாக வரும் '540' அளவு மோட்டார் இதைப்போல் பல மடங்கைச் சிரமமில்லாமல் தரும். வாங்கும்போதே பலம் மிச்சமாகத்தான் இருக்கிறது. வண்டிதான் சுருங்கியது, எதிரே இருக்கும் உலகம் சுருங்கவில்லை. ஜல்லிக்கல் அதற்குப் பாறை, வேப்பமர வேர் அதற்கு மதில் சுவர்.

பலம் இருந்தும் வண்டி ஏறாமல் நிற்பது இரண்டே காரணத்தால். ஒன்று, சக்கரம் வழுக்குகிறது. இல்லாவிட்டால் வண்டி பின்பக்கமாக மல்லாந்து விழுகிறது. நான்கு சக்கரமும் சுழலும் வண்டி எந்தச் சரிவு வரை வழுக்காமல் நிற்கும் என்பதை டயருக்கும் தரைக்கும் இடையிலான உராய்வுக் குணகம் தீர்மானிக்கிறது. அது 0.5 என்றால் ஏறத்தாழ 27 பாகை, 1 என்றால் 45 பாகை. கவிழும் எல்லையைத் தீர்மானிப்பது ஈர்ப்பு மையம் எங்கே இருக்கிறது என்பது. இரண்டு கணக்கிலும் மோட்டாரின் திறனுக்கு இடமே கிடையாது. ஒரு பலகையில் உப்புத்தாளை ஒட்டி, வண்டியின் சக்கரங்கள் உருளாதபடி பூட்டி, அதன்மேல் நிறுத்தி, ஒரு முனையை மெல்லத் தூக்கினால் உண்மை தெரிந்துவிடும். வண்டி சறுக்கத் தொடங்கும் கோணத்தையோ கவிழும் கோணத்தையோ செல்போனில் இருக்கும் சாய்வுமானியே காட்டும். சறுக்கினால் டயரில் வேலை பாக்கி, சறுக்காமல் கவிழ்ந்தால் எடையில் வேலை பாக்கி. மோட்டாரை ஆன் செய்யாமலே முடிந்துவிடும் இந்தச் சோதனையை, ஒரு பாகம் மாற்றும் முன்பும் பின்பும் செய்து எழுதி வைத்துக்கொள்பவர், விளம்பரத்தை நம்பி வாங்குபவரைவிடப் பாதிச் செலவில் நல்ல வண்டி வைத்திருப்பார் என்பது என் கணிப்பு.

எடையில் என்ன மாறும் என்பதையும் எண்ணிலேயே பார்க்கலாம். முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் நடுவே 313 மில்லிமீட்டர் இருக்கும் வண்டி என்று வைப்போம். பத்தில் ஒரு பங்கு கிராலரில் இது வழக்கமான அளவு. ஈர்ப்பு மையம் நட்டநடுவில், தரையில் இருந்து 110 மில்லிமீட்டர் உயரத்தில் இருந்தால், ஏறத்தாழ 55 பாகை சரிவில் வண்டி பின்னால் மல்லாந்துவிடும். உயரத்தை மாற்றாமல், எடையில் 60 சதவீதம் முன் ஆக்ஸிலில் விழும்படி செய்தால் அதே எல்லை 60 பாகைக்கு அருகே போகிறது. பக்கவாட்டிலும் அப்படியே: இடது வலது சக்கரங்களுக்கு இடையே 20 சென்டிமீட்டர் இருக்க, ஈர்ப்பு மையத்தைப் பத்து சென்டிமீட்டரில் இருந்து எட்டுக்கு இறக்கினால், கவிழும் கோணம் 45-இல் இருந்து 51 பாகையாகிறது. இதற்கு ஆகும் செலவு மிகச் சொற்பம். பேட்டரித் தட்டைப் பின்னால் இருந்து முன்னால் தள்ளி, இரண்டு துளை போட்டு மாட்டலாம். கார் டயர் கடைகளில் வீல் பேலன்ஸ் செய்ய ரிம்மில் ஒட்டும் சிறு வெயிட்டுகளை வாங்கி, முன் சக்கர ரிம்முக்குள் வளையமாக ஒட்டலாம். ஈர்ப்பு மையத்துக்குக் கீழே சேர்க்கும் எடை மட்டுமே அதை இறக்க உதவும். கூரைமேல் கேரியர், ஸ்டெப்னி, விளக்கு வரிசை என்று அழகுக்கு ஏற்றுவதெல்லாம் அந்த ஆதாயத்தைத் தின்றுவிடும். பித்தளையில் ஆக்ஸில் முனை மூடி கடைந்து வாங்குவது அடுத்த படி. வேலூரில் லேத் பட்டறைக்குப் பஞ்சமில்லை. மாதிரியைக் கையில் கொடுத்தால் போதும்.

மோட்டாரில் தொடங்கினால் நடப்பது வேறு கதை. பெரிய மோட்டாரின் முறுக்கில் முதலில் பிளாஸ்டிக் கியரின் பல் போகும். அதற்கு இரும்புக் கியர் போட்டால், விசை அடுத்த பலவீனமான இடத்தைத் தேடிக்கொண்டு டிரைவ் ஷாஃப்டை முறிக்கும். அதையும் இரும்பாக்கினால் ஆக்ஸிலுக்குள் கிரவுன், பினியன் தேயும். எல்லாம் இரும்பானதும் கனத்த சக்கரத்தைத் திருப்ப ஸ்டியரிங் சர்வோவுக்குத் தெம்பு போதாது. பெரிய சர்வோ போட்டால், அது இழுக்கும் மின்னோட்டத்தை வேகக் கட்டுப்பாட்டுக் கருவியில் உள்ள சிறிய மின்வழங்கி தாங்காது. கல்லில் சக்கரம் சிக்கிய நேரமாகப் பார்த்து ரிசீவர் அணைந்து அணைந்து எரியும். 'சிக்னல் சரியில்லை' என்று ரிமோட்டைக் குறை சொல்பவர்களில் பலருக்கு உண்மையான கோளாறு இதுதான். இதற்குமேல் சூடு. மோட்டாரின் கம்பிச் சுருளில் பிறக்கும் வெப்பம் மின்னோட்டத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடும். இரண்டு மடங்கு இழுத்தால் நான்கு மடங்கு சூடு. மெதுவாக, அழுத்தமாக ஏறவேண்டும் என்றால் மோட்டார் அச்சில் இருக்கும் சிறிய பினியன் கியரில் இரண்டு பல் குறைத்தாலே போதும். சக்கரத்தில் முறுக்கு கூடும், மின்னோட்டம் குறையும்.

இனி டயருக்கு வருவோம். தோல் வட்டாரம் உள்ளே நுழையும் இடம் இது. ஆம்பூரும் வாணியம்பாடியும் 2019-இல் திருப்பத்தூர் மாவட்டத்துக்குப் போய்விட்டன, மேல்விஷாரம் இராணிப்பேட்டைக்குப் போனது, பேரணாம்பட்டு வேலூரிலேயே தங்கியது. மாவட்டம் மூன்றானாலும் தொழில் ஒன்றுதான். டயரும் ஷூவும் உறவுக்காரர்கள் என்பது உலகம் அறிந்த செய்தி. மலையேற்றத்தில் நண்பர்கள் ஆறு பேரைப் பறிகொடுத்த இத்தாலியர் விட்டாலே பிரமானி, 1937-இல் பாறையில் பிடிக்கும் ரப்பர் சோலை உருவாக்கியபோது பணம் கொடுத்து உதவியது டயர் முதலாளி பிரெல்லி. அந்த சோல்தான் விப்ரம். டயர்க் கட்டைகளின் குறுக்கே மெல்லிய கீறல் போட்டு ஈரத்தில் பிடிப்பைக் கூட்டும் முறை, 1923-இல் காப்புரிமை பெற்ற ஜான் சைப் பெயரால் இன்றும் வழங்குகிறது. இறைச்சிக்கூடத்தின் வழுக்குத் தரையில் நிற்க அவர் தன் ஷூ அடியைக் கீறிப் பார்த்ததில் பிறந்த யோசனை என்று ஒரு கதையும் உண்டு. ஆர்சி ஆர்வலர்கள் பிளேடு கொண்டு டயரில் செய்வதும் அதே கீறல்தான்.

கிராலர் டயரைக் கழற்றிப் பார்த்தால் உள்ளே காற்றுக்குப் பதில் ஃபோம் வளையம் இருக்கும். ரப்பர் எவ்வளவு மெத்தென்று இருந்தாலும் இந்த வளையம் சரியில்லாவிட்டால் பயனில்லை. வளையம் கெட்டியாக இருந்தால் டயர் கல்லின் மேட்டைச் சுற்றி மடியாமல் ஒரு முனையில் மட்டும் தொட்டு நிற்கும். மிக இளகி இருந்தால், பக்கச்சரிவில் போகும்போது டயர் ஒருபக்கம் மடங்கி வண்டியைச் சாய்த்துவிடும். அதனால் நல்ல வளையத்தில் இரண்டு அடுக்கு: ரிம்மை ஒட்டி, வடிவத்தைத் தாங்கும் இறுக்கமான ஃபோம், அதன்மேல், அழுந்திக் கொடுக்கும் மெத்தென்ற ஃபோம். நடக்கும் ஷூவின் சோலும் இன்சோலும் செய்வதும் இதே வேலைதான். எந்த இவிஏ ஷீட் எவ்வளவு அழுந்தி எவ்வளவு மீளும், எந்த பியூ ஃபோம் வெயிலில் பொடியும், எந்த சொல்யூஷன் எதோடு ஒட்டும் என்பதெல்லாம் ஷூ தொழிலில் அன்றாடப் பாடம். சோலின் கெட்டித்தன்மையை அளக்கும் டியூரோமீட்டரும் ஷோர் அளவும் டயர் ரப்பருக்கும் அப்படியே பொருந்தும். டயரின் உட்சுற்று அளவைத் தந்தால், கிளிக்கிங் மெஷினில் டை வைத்து ஒரே மாதிரி நான்கு வளையம் வெட்டிவிடலாம். கத்தரிக்கோலால் வெட்டிய வளையத்தில் வரும் கோணல் அதில் வராது. டயரை ரிம்மோடு பசை போட்டு ஒட்டாமல், ஸ்குரூ போட்டு இறுக்கும் வகை ரிம் வைத்திருந்தால் ஃபோமை மாற்றி மாற்றிப் பார்க்கலாம். நான்கு வகை ஃபோம், ஒரு பலகை, ஒரு செல்போன் இருந்தால் ஒரு சாயங்காலத்தில் வண்டியின் குணமே மாறும்.

எல்லாத் தரைக்கும் ஒரே டயர் செல்லாது. இந்த வட்டாரத்தில் தரை இரண்டு விதம். வேலூரைச் சுற்றி நிற்கும் மொட்டைப் பாறைக் குன்றுகளிலும் ஏலகிரி அடிவாரத்திலும் சொரசொரப்பான கல். மெத்தென்ற ரப்பரும் முன்பக்கக் கனமும் அங்கே பலிக்கும். பாலாற்றுப் படுகையிலோ வருடத்தில் பெரும்பகுதி காய்ந்த மணல். மணலில் அதே கனம் வண்டியைப் புதைத்துவிடும். சக்கர வெயிட்டைக் கழற்றி, அகலமான, துடுப்புப் போன்ற கட்டைகள் உள்ள டயரை மாட்டவேண்டும். ஆற்று மணலில் குவார்ட்ஸ் அதிகம், அது சாதாரண இரும்பைவிடக் கடினமானது. பேரிங்குக்குள் போனால் அரைத்தே தீர்க்கும். நிறைய எண்ணெய் விட்டால் பாதுகாப்பு என்று நினைப்பது தவறு; எண்ணெய்ப் பிசுக்கில்தான் மணல் வந்து ஒட்டும். ரப்பர் மூடி உள்ள பேரிங் போட்டு, ஓட்டி முடித்ததும் பிரஷ்ஷால் தட்டித் துடைப்பதே போதும்.

வெயிலைத் தனியாகச் சொல்லவேண்டும். கோடையில் 40 பாகை செல்சியஸைத் தாண்டும் வேலூரில், குளிர்நாட்டு ஆர்வலர்களின் யோசனைகள் சில அப்படியே எடுபடாது. முப்பரிமாண அச்சில் பாகம் செய்பவர்கள் வழக்கமாகப் பயன்படுத்தும் பிஎல்ஏ பிளாஸ்டிக் 60 பாகை வாக்கில் இளகிவிடும். வெயிலில் நிறுத்திய காருக்குள் வைத்த பம்பர் கோணிப்போவது இதனால்தான். பிஇடிஜி, ஏபிஎஸ் வகைகள் இன்னும் தாங்கும். மேல்கூடு பாலிகார்பனேட்டில் செய்தது என்றால் உட்பக்கத்தில்தான் பெயிண்ட் அடிக்கவேண்டும். தொழிற்சாலையில் கைக்குக் கிடைக்கும் தின்னரால் அதைத் துடைக்கக் கூடாது, வெடித்துவிடும். லித்தியம் பாலிமர் பேட்டரியை மூடிய காரில் விட்டுவிடுவதும், உப்பிய பேட்டரியைச் சார்ஜ் போடுவதும் உயிரோடு விளையாடுவது. ஒரு செல் நிறைந்த நிலையில் 4.2 வோல்ட், 3.2-க்குக் கீழே விடாமல் நிறுத்துவதும், பல நாள் எடுத்துவைக்கும்போது 3.8-இல் வைப்பதும் பழகவேண்டும்.

அழகுக்கும் இந்த ஊரில் ஒரு சௌகரியம் இருக்கிறது. ஸ்கைவிங் மெஷினில் அரை மில்லிமீட்டருக்குச் சீவிய துண்டுத் தோலில் பத்தில் ஒரு பங்கு சீட் உறை, லக்கேஜ் பட்டை எல்லாம் தைக்கலாம். குரோமில் பதனிட்ட தோல் வளைந்து கொடுக்கும். ஆவாரம்பட்டை, கடுக்காய் போன்றவற்றில் பதனிட்ட தோலை நனைத்து அச்சில் அழுத்திக் காயவிட்டால் அந்த வடிவத்திலேயே நிற்கும். சீட்டுக்கு அதுவே தோது. குப்பைக்குப் போகும் கழிவுத் துண்டு இதற்குத் தாராளம்.

மறுப்புகள் இல்லாமல் இல்லை. வேகமும் தாவலும்தானே இதில் குஷி, ஊர்ந்து ஏறுவதில் என்ன இருக்கிறது என்பார்கள். மைதானத்தில் பறக்கவிடும் 'பேஷர்' வகை வண்டிக்கு மோட்டார் பெரிதுதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அங்கேயும் அந்தப் பலம் தரையில் இறங்குவது டயர் வழியாகத்தான். வழுக்கும் டயரில் பிரஷ்லெஸ் மோட்டார் போட்டால் புழுதிதான் கிளம்பும். இன்னொரு மறுப்பு, எல்லாம் ரெடிமேடாகக் கிடைக்கும்போது பட்டறையைத் தேடி அலைவானேன் என்பது. பொம்மைகளுக்கான சுங்கவரி 2020-இல் 20 சதவீதத்தில் இருந்து 60 ஆனது, 2023-இல் 70 ஆனது. அந்தத் தலைப்பில் வரும் வண்டி கடல் தாண்டி வீடு சேரும்போது விலை எங்கோ போய்விடும். உள்ளூரில் செய்யத் தெரிந்ததை உள்ளூரில் செய்துகொள்வதே புத்திசாலித்தனம். மூன்றாவது மறுப்பு கனமானது: பிள்ளை விளையாட்டுக்கு இத்தனை கணக்கா? இந்தியாவில் 2007 முதல் நடக்கும் பாஹா எஸ்ஏஇ போட்டியில் பொறியியல் மாணவர்கள் ஆள் உட்கார்ந்து ஓட்டும் கரடுமுரடுப் பாதை வண்டியையே கட்டுகிறார்கள். வேலூர் விஐடி மாணவர்களும் அதில் கலந்துகொண்டிருக்கிறார்கள். அவர்கள் மோதும் ஈர்ப்பு மையம், பிடிப்பு, கியர் விகிதம் என்ற அதே கேள்விகளை ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை மூன்று கிலோ வண்டியில், எலும்பு முறியாமல், கையாலேயே தொட்டுப் பார்த்துக் கற்கலாம்.

பாலாற்றில் ஓட்டுபவர்களுக்கு ஒரு வேண்டுகோள். தோல் கழிவால் இந்த ஆறு பட்ட பாடு 1996-இல் உச்ச நீதிமன்றம் வரை போய், மாசு செய்தவரே ஈடு கட்டவேண்டும் என்ற தீர்ப்பாக வந்தது. அந்த மணலில் உப்பிய பேட்டரியையும் அறுந்த டயரையும் எறிந்துவிட்டு வருவது அடுக்காது. 2022-ஆம் ஆண்டின் பேட்டரிக் கழிவு விதிகளின்படி பழைய பேட்டரியைத் திரும்பப் பெறும் பொறுப்பு தயாரிப்பாளரையும் இறக்குமதியாளரையும் சேர்ந்தது. புது பேட்டரி வாங்கும் கடையிலேயே பழையதைக் கொடுங்கள். வாங்க மறுத்தால் விதியைச் சொல்லிக் கேளுங்கள்.